பழைய மோட்டார் சைக்கிளின் உலோகப் பாகங்களை மினுக்குவது எப்படி: மலையகத்தில் முதல்முறை இறங்குபவர்களுக்கு

பழைய பி.எஸ்.ஏ., ட்ரயம்ஃப், மெச்லெஸ், ராயல் என்ஃபீல்ட், இல்லாவிட்டால் எழுபதுகளின் ஹொண்டா ஒன்றைப் பிரித்துக் கராஜில் பரப்பி வைத்திருக்கிறீர்கள். எஞ்சின் கவர் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. கிரைண்டரில் ஒரு பஃப் சக்கரத்தை, அதாவது மினுக்கும் துணிச் சக்கரத்தை, மாட்டி அழுத்தினால் கண்ணாடி மாதிரி வந்துவிடும் என்று தோன்றும். வராது. மினுக்கத்தில் முக்கால்வாசி வோட்டர் பேப்பரிலேயே (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) முடிந்துவிட வேண்டும். மீதிக் கால்வாசிக்குத்தான் சக்கரம். இது தெரியாமல் தொடங்கினால் கீறல்கள் அப்படியே இருக்க, அவற்றின் மேல் பளபளப்பு மட்டும் ஏறும். அது முன்பைவிட அசிங்கமாகத் தெரியும்.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை போன்ற குளிரும் ஈரமும் உள்ள ஊர்களில், வீட்டுக் கராஜில், சொந்தக் கையால் செய்கிறவரை நினைத்து இதை எழுதியிருக்கிறேன்.

1. ஸ்பேனரை எடுக்குமுன் பதிவுப் புத்தகத்தை எடுங்கள்

எஞ்சின் இலக்கம், செசி இலக்கம், நிறம் ஆகிய மூன்றையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டி இன்னும் உங்கள் பெயருக்கு மாறாமல், பழைய உரிமையாளர் கையெழுத்திட்டுக் கொடுத்த ஓப்பன் பேப்பரில் இருந்தால், முதல் செலவு பெயர் மாற்றத்துக்கு. வேலை ஆறு மாதம் இழுக்கும். அதற்குள் பழைய உரிமையாளர் ஊர் மாறிப் போனால், மினுக்கிய எஞ்சினை வைத்துக்கொண்டு கையெழுத்துக்கு அலைய வேண்டியதுதான்.

பெரிய பொறி எஞ்சின் இலக்கத்தில் இருக்கிறது. ட்ரயம்ஃப், பி.எஸ்.ஏ. இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் அது இடது பக்கக் கிராங்க் கேஸில், சிலிண்டர் அமரும் இடத்துக்குச் சற்றுக் கீழே குத்தப்பட்டிருக்கும். வெளியே நன்றாகத் தெரிகிற இடம் என்பதால் மினுக்கக் கை போவதும் அங்கேதான். 240 இலக்கப் பேப்பர் (இலக்கம் கூடக் கூடப் பேப்பர் நைசாகும்) கொஞ்ச நேரம் ஓடினாலே எழுத்தின் ஆழம் குறையும். சக்கரம் பட்டால் எழுத்தின் ஓரங்கள் கரைந்த சவர்க்காரம் மாதிரி ஆகிவிடும். 1960களின் கடைசியிலிருந்து வந்த ட்ரயம்ஃப், பி.எஸ்.ஏ. எஞ்சின்களில் இலக்கத்துக்கு அடியில் சிறு சின்னங்கள் வரிசையாகப் பதிந்திருக்கும். இலக்கத்தை யாராவது அழித்துக் குத்தினால் காட்டிக்கொடுப்பதற்காகவே அந்த ஏற்பாடு. அது மறைந்துபோனால், இலக்கம் சரியாக இருந்தாலும் பரிசோதிப்பவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இலக்கத்தை மண்ணெண்ணெயில் துடைத்து, பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து படம் எடுங்கள். மெல்லிய தாளை வைத்து பென்சிலால் தேய்த்து ஒரு தடமும் எடுத்துப் புத்தகத்தோடு வையுங்கள். பிறகு இலக்கத்தின் மேல் மாஸ்கிங் டேப் மூன்று அடுக்கு, அதன்மேல் அளவாக வெட்டிய தகரத் துண்டு, மறுபடியும் டேப். வேலை முடியும்வரை கழற்ற வேண்டாம். செசி இலக்கத்துக்கும் இதே காவல்.

புத்தகத்தில் கறுப்பு என்று இருக்கும் பெட்ரோல் டாங்கியைப் பெயின்ட் உரித்து வெள்ளி மினுக்கமாகவோ குரோமாகவோ மாற்ற நினைத்தால், அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் முடியும் திகதியையும் பாருங்கள். புதுப்பிக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்பார்கள். எஞ்சின் மேசையில் கிடக்கும்போது புகைப் பரிசோதனைக்கு எதைக் கொண்டுபோவது?

2. மழையைப் பார்த்து மாதத்தைத் தெரிவு செய்யுங்கள்

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஊவாப் பக்கம், அதாவது பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, ஏறக்குறைய தலைகீழ்: ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்த காலம், ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை.

பேப்பர் போட்ட இரும்பு, பனிமூட்டம் இறங்கும் ஒரே இரவில் செம்மஞ்சளாகத் துரு பிடித்துவிடும். அலுமினியம் துருப் பிடிக்காது. ஆனால் தண்ணீர்த் துளி உட்கார்ந்து காய்ந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி விழும். இரவெல்லாம் குளிர்ந்த பாகத்தை விடிந்ததும் எடுத்தால் அதன்மேல் வியர்வை பூத்திருக்கும். வெயிலில் அரை மணி நேரம் வைத்து, தொட்டால் இளஞ்சூடு தெரிந்த பிறகு தொடங்குங்கள். இரும்புப் பாகத்தை எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் எஞ்சின் ஒயில் தடவிய துணியால் ஒரு முறை துடைத்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

3. எது என்ன உலோகம் என்று பிரியுங்கள்

ஒரு காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டினால் இரும்பு, பெரும்பாலும் மேலே குரோம் பூச்சு இருக்கும்: ஹேண்டில், சைலன்சர், ரிம். ஒட்டாமல், தூக்கினால் லேசாக இருந்தால் அலுமினியம்: எஞ்சின் கவர்கள், ஹப், ஃபோர்க்கின் கீழ்க்குழாய். ஒட்டாது, ஆனால் அளவுக்கு மீறிய கனம், நிறம் மங்கிய சாம்பல் என்றால் துத்தநாகக் கலவை. அமல் மொனோப்ளொக் கார்பரேட்டரின் உடம்பு இந்த வகை. இதைச் சக்கரத்தில் பிடிக்கவே கூடாது. மென்மையான உலோகம் என்பதால் விளிம்பும் எழுத்தும் நொடியில் போய்விடும். சக்கரத்துச் சோப்பு (மினுக்கச் சக்கரத்தில் பூசும் மெழுகுக் கட்டி, சவர்க்காரம் அல்ல) நுண்ணிய பெட்ரோல் துளைக்குள் போய் இறுகினால் வண்டி ஐட்லிங்கில் நிற்காது. கார்பரேட்டருக்குப் பித்தளைத் தூரிகையும் பெட்ரோலும் போதும்.

ஒட்டாத உலோகம் கனமாகவும் வெண்மையாகவும் இருந்தால் ஸ்டெயின்லெஸ்.

பழைய பிரித்தானிய வண்டிகளின் நட்டு போல்ட்டுகளில் மங்கிய வெள்ளியாகவோ லேசான பொன்னிறமாகவோ ஒரு பூச்சு இருக்கும். பல இடங்களில் அது கெட்மியம் என்ற உலோகம். அதன் தூசு நச்சு. பேப்பர் போடாதீர்கள், சக்கரத்தில் பிடிக்காதீர்கள், சூடாக்காதீர்கள். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து மாட்டினால் போதும், அந்த வண்டிக்கு அதுதான் அழகும்கூட. பிரேக் டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூசில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஹப்பை மினுக்குமுன் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைப் பொலித்தீன் பையில் கட்டிப் போடுங்கள்.

4. வாங்க வேண்டியவையும் செலவும்

ரூபாயில் எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும் என்பதால் அளவில் சொல்கிறேன். ஒரு எஞ்சினின் இரு பக்கக் கவர்களுக்கும் சில்லறைப் பாகங்களுக்கும் வோட்டர் பேப்பர்: 180 இலக்கம் 2 தாள், 240 இலக்கம் 6, 400 இலக்கம் 6, 600, 800, 1200 ஒவ்வொன்றிலும் 4. இத்தனை தாள் எதற்கு என்று குறைத்து வாங்காதீர்கள். தேய்ந்த தாள் வெட்டாது, வழுக்கும், நீங்கள் அழுத்துவீர்கள், அழுத்தினால் அலை விழும். முழுப் பட்டியலிலும் மலிவான பொருள் இதுதான், ஆட்கள் மிச்சம் பிடிப்பதும் இதில்தான்.

சக்கரத்துக்கு அரைக் குதிரைவலுவுள்ள 6 அங்குல பெஞ்ச் கிரைண்டர் போதும். நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் அது நிமிடத்துக்குச் சுமார் 2,850 சுற்று ஓடும். 6 அங்குலச் சக்கரத்தின் விளிம்பு அப்போது நொடிக்கு ஏறக்குறைய 23 மீட்டர் வேகத்தில் போகும், அலுமினியத்துக்கு அது சரி. 4 அங்குல அங்கிள் கிரைண்டர் 11,000 சுற்று ஓடுவது. அதில் பஞ்சுச் சக்கரத்தை மாட்டினால் நொடிக்கு ஏறக்குறைய 58 மீட்டர். உலோகம் கருகும், சக்கரம் பிய்ந்து முகத்துக்கு வரும். தெருவோரத்தில் அப்படிச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பார்த்ததோடு விட்டுவிடுங்கள்.

ஒரு சணல் சக்கரம், ஒரு தையல் போட்ட பஞ்சுச் சக்கரம், ஒரு தளர்ந்த பஞ்சுச் சக்கரம். பழுப்புச் சோப்பு ஒரு கட்டி, வெள்ளைச் சோப்பு ஒரு கட்டி. ஸ்டெயின்லெஸ் இருந்தால் பச்சையும் ஒன்று. கண்ணை முழுதும் மூடும் கண்ணாடி, தூசு முகமூடி. உள்ளூர் ஹாட்வெயாரில் பேப்பரும் முகமூடியும் கிடைக்கும். சக்கரமும் சோப்பும் கிடைக்காவிட்டால் கண்டியிலோ கொழும்பிலோ வாங்குங்கள். பாகங்கள் தேடிக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போகிற அதே பயணத்தில் இதையும் முடித்துக்கொண்டால் பஸ் காசு மிச்சம்.

நேரம்: முதல் கவருக்கு 6 முதல் 8 மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் சக்கரத்தின் முன் நிற்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால், பேப்பரில் ஏமாற்றியிருக்கிறீர்கள் என்று பொருள்.

5. கழுவுதலும் உரித்தலும்

மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு ஒயில் படிவை எடுத்து, பிறகு சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அழுக்கோடு பேப்பர் போட்டால் மணல் துகள் பேப்பருக்கடியில் மாட்டி, 400 போடும்போது 80 போட்டது மாதிரிக் கீறும்.

இங்கே மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. முதலாவது, காஸ்டிக் சோடா. இரும்புக்கு நன்றாக வேலை செய்கிறதே என்று அலுமினியக் கவரையும் அதே வாளியில் போடுவார்கள். கொதிப்பது மாதிரி நுரை வரும். அழுக்கு போகிறது என்று நினைப்பீர்கள், போவது அலுமினியம். வரும் வாயு ஐதரசன், பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. எடுத்துப் பார்த்தால் கவர் கறுத்து, மேற்பரப்பு புள்ளி புள்ளியாக அரித்திருக்கும். அடுப்பு சுத்தம் செய்யும் ஸ்ப்ரே பலவற்றிலும் இதே சரக்குதான்.

இரண்டாவது, மணல் வீச்சு. மினுக்கப்போகும் பாகத்தை சாண்ட் பிளாஸ்ட் கொடுத்தால் முழுப் பரப்பும் ஊசி குத்தியது போல ஆகிவிடும். அதைச் சமப்படுத்த ஒரு நாள் கூடுதலாகப் பேப்பர் போட வேண்டும். மணல் ஒயில் வழிக்குள் தங்கினால் எஞ்சினுக்கே ஆபத்து.

மூன்றாவது, இரும்புக் கம்பித் தூரிகை. கீறுவதோடு நிற்காது. உடைந்த இரும்புத் துகள் அலுமினியத்தில் புதைந்து, இரண்டு மழைக்குப் பிறகு கபிலப் புள்ளியாக வெளியே வரும்.

ஜப்பானிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அறுபது, எழுபதுகளின் ஹொண்டா, யமஹா எஞ்சின் கவர்களில் தொழிற்சாலையிலேயே கண்ணுக்குத் தெரியாத லெக்கர் என்ற நிறமற்ற பூச்சைப் பூசி விட்டிருப்பார்கள். கவர் மஞ்சளித்து, அடியில் புழு ஓடியது போல வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அதுதான். எவ்வளவு பொலிஷ் தேய்த்தாலும் மினுங்காது. பெயின்ட் ரிமூவர் பூசி, காற்றோட்டமான இடத்தில் 15 நிமிடம் வைத்துத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

6. பேப்பர்: உண்மையான வேலை

கவரை மடியில் வைத்துத் தேய்க்காதீர்கள். ஓர் ஒட்டுப்பலகைத் துண்டை எடுத்து, கவரின் துளைகளுக்கு நேராகத் துளை போட்டு, கவரை அதன்மேல் ஸ்க்ரூவால் இறுக்குங்கள். கேஸ்கெட் (ஒயில் கசியாமல் இடையில் வைக்கும் தாள்) அமரும் முகம் பலகையோடு ஒட்டி நிற்பதால் கீறல் விழாது, விளிம்பும் உருண்டு போகாது. சக்கரத்தின் முன் பிடிக்க ஒரு கைப்பிடியும் கிடைக்கும். அரை மணி நேர வேலை இது. ஒயில் கசியாத எஞ்சினுக்கும் கசியும் எஞ்சினுக்கும் இடையிலான வித்தியாசம் பல நேரங்களில் இந்த அரை மணி நேரம்தான்.

ஆழமான கீறல் இருந்தால் 180, இல்லாவிட்டால் நேரே 240. சமதளத்தில் பேப்பருக்குப் பின்னால் ரப்பர்த் துண்டு வையுங்கள். விரலால் மட்டும் அழுத்தினால் விரல் பட்ட இடம் பள்ளமாகும். பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டுச் சவர்க்காரமும் விட்டுத் தேய்த்தால் அடைக்காது.

முழுச் சூத்திரமும் திசையில் இருக்கிறது. 240ஐ மேலிருந்து கீழாகத் தேய்த்தால் 400ஐ இடமிருந்து வலமாகத் தேயுங்கள். 600 மறுபடி மேல் கீழ். அப்போது முந்தைய பேப்பரின் கோடு எஞ்சியிருந்தால் குறுக்கே நின்று காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு முறையும் கழுவி, துடைத்து, டோர்ச் லைட்டைப் பரப்போடு ஒட்டினாற்போல் சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். சாய்த்து அடிக்கும்போது குறுக்கே ஒரு மயிரிழைக் கோடு மின்னினாலும் முந்தைய இலக்கத்துக்குத் திரும்ப வேண்டும். ‘அதைச் சக்கரம் எடுத்துவிடும்’ என்று விடுகிற கோடு, கண்ணாடிப் பளபளப்பில் முதலில் கண்ணில் குத்தும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள். 240இன் மணல் 800இன் வாளியில் மிதக்கும்.

நிறுவனத்தின் பெயரோ சின்னமோ புடைத்து நிற்கும் கவர்களில், எழுத்தைச் சுற்றி ஐஸ் பழக் குச்சியில் பேப்பரைச் சுற்றித் தேயுங்கள். எழுத்தின் மேல் முகத்துக்கு 800, 1200 மட்டும். எழுத்து மழுங்கிய கவர் எவ்வளவு மினுங்கினாலும் பழைய வண்டி தெரிந்தவர் கண்ணுக்கு அது கெட்டுப்போன கவர்.

ஃபோர்க்கின் கீழ்க்குழாய், ஹப் போன்ற உருளைப் பாகங்களுக்கு எமரி துணியை நீளக் கீற்றாகக் கிழித்து, சப்பாத்து மினுக்குவது போல இரண்டு முனையையும் பிடித்து இழுங்கள். லேத் வைத்திருக்கும் பாஸ் ஒருவரைத் தெரிந்தால் சுற்றவிட்டுச் செய்யலாம், நேரம் பாதியாகும். ஃபோர்க்கின் மேல்குழாயைத் தொடாதீர்கள். அதன் கடினக் குரோமில்தான் ஒயில் சீல் ஓடுகிறது. எஞ்சினை ஓடவிட்டு, சுழலும் பின்சக்கரத்தில் துணியைப் பிடித்து மினுக்குவதும் வேண்டாம். செயினில் விரல் போவது இப்படித்தான்.

7. சக்கரம்

குளிருக்குப் போட்ட மஃப்ளர், சால்வை, கயிறு தொங்கும் ஜெக்கெட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நில்லுங்கள். நம் ஊரில் மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். பஞ்சுச் சக்கரம் மென்மையாகத் தெரியும். ஆனால் ஒரு நூல் மாட்டினால் ஆளையே இழுக்கும். தொளதொளத்த துணிக் கையுறையும் கூடாது, கைக்கு இறுக்கமான தோல் கையுறை போடலாம்.

சணல் சக்கரத்தில் பழுப்புச் சோப்பை இரண்டு நொடி தொட்டு எடுங்கள். பாகத்தைச் சக்கரத்தின் நடுமட்டத்துக்குக் கீழே, மணிக்கூட்டில் நான்கு மணி இருக்கும் இடத்தில் பிடியுங்கள். விளிம்பு எப்போதும் கீழ்நோக்கி, சக்கரம் அதை விட்டு வழுக்கிப் போகிற மாதிரி இருக்க வேண்டும். மேல் விளிம்பைச் சக்கரத்துக்கு எதிரே காட்டினால் பாகத்தைப் பிடுங்கிச் சீமெந்துத் தரையில் அடிக்கும். கவர் வெடித்தால் அந்த மாடலுக்கு இன்னொன்று தேடி எத்தனை மாதம் அலைவது என்பது உங்களுக்கே தெரியும்.

அழுத்த வேண்டாம். பாகத்தை நகர்த்திக்கொண்டே இருங்கள். வெறுங்கையால் தொட முடியாத சூடு வந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். பரப்பில் கறுப்புக் கோடாக மெழுகு படிந்தால் சோப்பு அதிகம். சக்கரம் இறுகிப் பளபளத்தால், ஓடும்போதே பழைய ஹெக்ஸோ பிளேட்டின் பல் பக்கத்தை மெதுவாகக் காட்டிச் சீவுங்கள். ஸ்க்ரூத் துளைகளைச் சுற்றிக் கண்ணீர்த் துளி போல இழுபட்ட தடம் விழும். பலகையில் பூட்டிய பழைய ஸ்க்ரூக்கள் துளையை அடைத்து நிற்பதும், பாகத்தை அடிக்கடி திருப்பிப் பிடிப்பதும்தான் அதற்கு மருந்து.

பழுப்பு முடிந்ததும் பாகத்தைத் துடைத்துவிட்டு, பஞ்சுச் சக்கரத்தில் வெள்ளைச் சோப்பு. முதலில் தையல் போட்டது, கடைசியில் தளர்ந்தது. ஒரு சக்கரத்தில் ஒரு நிறச் சோப்பு மட்டும், மாற்றிப் போட்டால் அந்தச் சக்கரம் பழுப்புக்குத்தான் ஆகும். அலுமினியம் ஓடிய சக்கரத்தில் இரும்பைப் பிடிக்காதீர்கள், அதே கிரைண்டரின் மறுபக்கக் கல்லில் இரும்பு தீட்டவும் வேண்டாம். அலுமினியத் தூசும் பஞ்சும் சேர்ந்து கிடக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். ஒவ்வொரு நாளும் பெருக்கி வெளியே கொட்டுங்கள். மாலையில் விளக்கு வைக்கும் நேரம் வோல்ட் இறங்கும் இடங்களில் மோட்டார் திணறும், சூடாகும். பகலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

8. குரோம்: மினுக்க முடிந்ததும் முடியாததும்

அலங்காரக் குரோமின் தடிப்பு ஒரு மைக்ரோனுக்கும் குறைவு. அடியில் இருக்கும் நிக்கல்தான் உண்மையான கவசம். எனவே குரோமில் வோட்டர் பேப்பர் வைக்கவே கூடாது. மேலே ஒட்டிய துருப் புள்ளிகளுக்குச் சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மை என்பதால் கீறாது, துருவை மட்டும் எடுக்கும். தேய்த்த பிறகும் குழியாகத் தெரிகிற இடத்தில் குரோம் ஏற்கெனவே போய்விட்டது. உரிந்து தகடாக எழும்பினால் மறுபூச்சுத்தான்.

மறுபூச்சுத்தான் முழு வேலையிலும் பெரிய செலவு. ஆகவே சோப்பு வாங்குமுன்னமே அந்த விலையைக் கேட்டுவிடுங்கள். கொடுக்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகப் படம் எடுத்து, எண்ணிக்கை எழுதிய பற்றுச்சீட்டில் கையொப்பம் வாங்குங்கள். காணாமல் போவது ஹேண்டில் அல்ல, அதோடு போன இரண்டு சிறு வளையங்கள்தான். மரையுள்ள இடங்களை மூடச் சொல்லுங்கள், பூச்சு ஏறினால் நட்டு ஏறாது. எத்தனை நாள் என்று அவர்கள் சொல்வதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

9. கழுவி, மெழுகு பூசி, மாட்டுதல்

மினுக்கிய அன்றே கழுவுங்கள். சோப்பு ஒரு வாரம் இறுகினால் மூலைகளிலிருந்து எடுக்கக் குச்சியும் பொறுமையும் வேண்டும். மண்ணெண்ணெய், பிறகு சூடான சவர்க்காரத் தண்ணீர், ஒயில் துளைகளுக்குள் சிறு தூரிகை, பிறகு காற்று. துளையின் ஒரு பக்கம் ஊதி மறுபக்கம் விரலில் காற்றுப் படுகிறதா என்று பாருங்கள். காய்ந்ததும் ஒரு கைப்பிடி கோதுமை மாவைத் தூவிப் பருத்தித் துணியால் தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலத்தை மா உறிஞ்சிக்கொள்ளும். துணியைத் திருப்பிப் பார்த்தால் சாம்பல் நிறமாகியிருக்கும். துணி வெள்ளையாக வரும்வரை தொடருங்கள்.

மேலே லெக்கர் அடிக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். மலையகத்தில் வேண்டாம் என்பதே என் பதில். ஈரக் காற்றில் அடித்தால் பால் போல வெளுக்கும். ஒரு கல் பட்டுக் கீறினால் அதற்கடியில் ஈரம் நுழைந்து வெள்ளைப் புழு ஓடும். பிறகு எல்லாவற்றையும் உரித்து மறுபடி 400இலிருந்து. கார் மெழுகு இரண்டு பூச்சு, இடையில் ஒரு மணி நேரம். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறையும், மற்றக் காலத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் ஆட்டோசோல் போன்ற பொலிஷை விரல் நுனியளவு எடுத்துக் கையால் தேய்த்து, மறுபடி மெழுகு பூசினால் சக்கரம் திரும்பத் தேவைப்படாது. சைலன்சருக்கு மெழுகு வேண்டாம், சூட்டில் கருகிக் கறையாகும்.

கவரை மாட்டும்போது புதுக் கேஸ்கெட் போடுங்கள். பழைய பிரித்தானியக் கவரின் ஸ்க்ரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஹொண்டாவின் தலை தேய்ந்த ஸ்க்ரூக்களைத் தூக்கி எறிந்துவிட்டு புதிதாகப் போடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கினால் கீறல் விழுவது மினுக்கிய கவரில்தான் என்பதால், கடைசி ஸ்க்ரூ இறுகும்வரை துளைகளைச் சுற்றி மாஸ்கிங் டேப் இருக்கட்டும்.